அடுத்த மாதம் என்ன கூத்து?

பதுளை மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்கின்றனர். பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று மலைக்கு மலை பரந்து கிடக்கும் தோட்டங்களே இவர்களின் ஊர்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக, "அடுத்த மாதம் இன்ன திகதியில், இன்ன இடத்தில், இன்ன நாடகம், அதற்கடுத்த போயா தினத்தில் இன்ன திரைப்படம்" என்று அச்சிட்ட ஒரு தாளை எவராவது ஒட்டியிருக்கக் கண்டதுண்டா? பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்குத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் கும்பாபிஷேகங்களுக்கும் அழைப்பிதழ்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஒரு பருவம் முழுவதற்குமான நாடக, திரைப்பட நிகழ்ச்சி நிரல் என்ற ஒன்று ஊவாவின் தோட்டப்புறத்திலிருந்து என் மேசைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

இதைச் சொன்னவுடன், "வீடில்லாத சனத்துக்கு நாடகம் ஒரு கேடா?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், அரங்கம் என்பது இம்மக்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றல்ல என்பதை நினைவூட்டியாக வேண்டும்.

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் தோட்டங்களில் காமன் ஊன்றப்படுகிறது. தாட்சாயணியைப் பிரிந்து தவத்தில் ஆழ்ந்திருக்கும் சிவனின் மோனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, மதன் சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். இறுதியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுகிறான். தப்பின் ஒலிக்கு ரதியும் மதனும் லயத்துக்கு லயம், வாசலுக்கு வாசல் ஆடிச் செல்ல, தூதன், வீரபத்திரன், எமன் என்று பாத்திரங்கள் இரவிரவாக வந்து போக, இரண்டு வாரங்களுக்கு மேல் ஒரு தோட்டமே மேடையாகிவிடும். விரதமிருந்து ஆடுபவர்கள் பகலில் மலைக்குச் சென்று பெயர் போட்டு வேலை செய்யும் தொழிலாளர்கள். பார்ப்பவர்களும் அவர்களே. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவர்களும் அவர்களே. சமுதாய அரங்கம் என்பதற்கு இதைவிடச் சிறந்த வரைவிலக்கணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. பொன்னர் சங்கரும், நெடிய தபசு மரத்தில் ஏறி நின்று பாடும் அருச்சுனன் தபசும் இதே மரபின் பிற கிளைகள். மாத்தளை வடிவேலன் போன்றோர் இக்கலைகளைப் பற்றி எழுதிப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

பசறைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் முதிய கூத்து வாத்தியார் ஒருவரிடம், அடுத்த ஆண்டு எந்தத் திகதியில் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். "பெற கண்டா சொல்லிருவோங்கய்யா" என்றார். அவருடைய நிகழ்ச்சி நிரல் வானத்தில் இருந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு அது போதும். அவர்கள் எல்லோரும் அதே வானத்தின் கீழ், அதே லயத்தில் இருந்தவரை போதுமாயிருந்தது. இன்று அந்த லயத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வெளிநாடுகளில் வீட்டு வேலைகளிலும் இருக்கிறார்கள். மூன்றாம் பிறையைப் பார்த்துவிட்டு அவர்கள் விடுமுறை கேட்க முடியாது. திகதியைச் சொல்லி முன்கூட்டியே அறிவிக்காத கலை, ஊரில் எஞ்சியிருப்பவர்களின் கலையாகச் சுருங்கிப் போகும். அது நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

இச்சுருக்கம் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974இல். புள்ளிவிவரங்களாகவே நாம் இவற்றை எழுதிப் பழகிவிட்டோம். ஒரு கூத்துக் குழுவின் கண்ணால் இதைப் பாருங்கள். மதன் வேடம் கட்டுபவர் தலைமன்னாரில் கப்பலேறுகிறார், ரதி இங்கே தங்கிவிடுகிறார். பாட்டறிந்த வாத்தியார் நீலகிரிக்குப் போகிறார், தப்படிப்பவர் லுணுகலையில் நிற்கிறார். ஏட்டில் எழுதப்படாமல் வாய்வழியே வந்த ஒரு நாடகத்தின் நடிகர்களை இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து இரண்டாகக் கிழித்தன. அதற்குப் பின்னரும் காமன் ஊன்றப்படுகிறதென்றால் அது வியப்புக்குரியது. அந்த வியப்பிலேயே நாம் திருப்தியடைந்து நின்றுவிடக்கூடாது.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். தேயிலையும் திரைப்படமும் இந்நாட்டில் பழைய உறவினர். பசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த "சோங் ஒஃப் சிலோன்" உலக ஆவணப்பட வரலாற்றில் இடம்பெற்ற படைப்பு. அதற்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. நான்கு பகுதிகள் கொண்ட அப்படத்தில் வணிகத்தின் குரல்கள் என்றொரு பகுதியே உண்டு. கொழுந்து பறிக்கும் கைகள் அதில் தெரிகின்றன, அக்கைகளுக்குரியவர்கள் பேசுவது கேட்பதில்லை. தேயிலை விற்ற காசில் எடுத்த படத்தை, தேயிலை பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நாமே எடுத்த படங்களும் உண்டு. 1963இல் வெளியான "தோட்டக்காரி" இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் தொடக்க முயற்சிகளில் ஒன்று. தோட்டத்தை அது தன் களமாக்கியது. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் தயாரித்து நடித்த "புதிய காற்று" 1975இல் வந்தது. தொடர்ந்து அவர் "நான் உங்கள் தோழன்", "நாடு போற்ற வாழ்க" ஆகிய படங்களையும் எடுத்தார். தொழிற்சங்க மேடையில் பேசிய ஒருவர் அதே மக்களைத் திரையிலும் காட்ட முனைந்தார் என்பது மலையக வரலாற்றில் சிறிய செய்தியல்ல. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எத்தனையோ படங்களின் மூலப் பிரதிகள் சாம்பலாயின. அதே ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. தமிழர் பணம் போட்டுப் படமெடுக்கும் துணிவும், இரவுக் காட்சி பார்த்துவிட்டு நகரத்திலிருந்து தோட்டத்துக்கு நடந்துபோகும் துணிவும் அந்நெருப்பில் ஒன்றாகவே கருகின.

அதன் பின் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி, வாடகை வீடியோ, இப்போது கைத்தொலைபேசி. "எல்லாப் படமும் கையிலேயே இருக்கும்போது அரங்கம் எதற்கு?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கையிலிருக்கும் திரையில் வருபவை சென்னையிலோ வேறெங்கோ எடுக்கப்பட்டவை. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே மறந்துபோகிறோம். பிரசன்ன விதானகே இயக்கிய "பேரடைஸ்" 2023இல் பூசான் திரைப்பட விழாவில் விருது பெற்றது. 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மலைநாட்டுக்கு வரும் இந்தியத் தம்பதியரின் உடைமைகள் களவுபோக, பொலிஸார் பிடித்துச் செல்வது தோட்டத்துத் தமிழ் இளைஞர்களை. நம் வீட்டு வாசலில் நடக்கும் கதை. இதைத் தனியே பார்க்கும் இளைஞன் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போவான். நூறு பேர் ஒன்றாக அமர்ந்து பார்த்தால், படம் முடிந்தபின் எவராவது ஒருவர் எழுந்து, "எங்கள் டிவிசனிலும் இப்படி நடந்தது" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அரங்கம் வேண்டுமென்கிறேன்.

இனி முதற் கேள்வி: வீடில்லாதவர்களுக்கு நாடகமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாடறியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. காணியும் பாதுகாப்பான வீடுமே முதற் தேவை என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து அரங்கம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. காமன் கூத்து வசதியான வீடுகளில் வளர்ந்ததுமல்ல. பத்தடிக் காம்பராக்களில், பசியோடும் துரைமாரின் கெடுபிடியோடும் வாழ்ந்தவர்கள் வளர்த்த கலை அது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பாடினார். உரிமை என்ற சொல்லைப் பலருக்குக் கொண்டுசேர்த்தவை பிரசுரங்களைக் காட்டிலும் அந்தப் பாட்டுக்கள்தாம் எனலாம். வீடு கேட்டுப் போராடுவதற்கும் மக்கள் ஓரிடத்தில் கூடிப் பழகியிருக்க வேண்டும். சாவு வீட்டிலும் சந்தா கூட்டத்திலும் மட்டுமே கூடும் சமூகம் நீண்டகாலம் எதற்காகவும் கூடி நிற்காது.

சிறிய ஊரில் இது நடக்குமா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அங்கே கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் நீநாசம் என்ற அமைப்பைத் தொடங்கினர். 1972இல் தமக்கென்று ஓர் அரங்கம் கட்டினர். மறு ஆண்டே திரைப்படச் சங்கம் தொடங்கி, உலகத்தின் சிறந்த படங்களை விவசாயிகளுக்குக் காட்டினர். 1985 முதல் அவர்களின் குழு ஆண்டுதோறும் நாடகங்களைத் தயாரித்துக் கர்நாடகமெங்கும் எடுத்துச் செல்கிறது. சுப்பண்ணாவுக்கு 1991இல் மக்சேசே விருது கிடைத்தது. அவர்கள் தொடங்கியபோது கையில் இருந்தது ஆர்வமும் ஒரு நிகழ்ச்சி நிரலுமே. கட்டடம் வருவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

நாமோ தலைகீழாகத் தொடங்குகிறோம். முதலில் கட்டடம் கேட்கிறோம். தேர்தல் வரும்போது அடிக்கல் நாட்டப்படுகிறது, சில இடங்களில் மண்டபமும் எழும்புகிறது. பெயர்ப்பலகையில் கலாசாரம் என்ற சொல் இருக்கும். கதவில் பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பருவத்துக்கொரு நிகழ்ச்சி நிரல் இல்லாத மண்டபம் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும் கொட்டகையாகவே முடியும். ஆகவே கட்டடத்தை மறப்போம். பாடசாலை மண்டபம் இருக்கிறது, கோயில் முன்றில் இருக்கிறது, பிள்ளை மடுவம் இருக்கிறது. போயா தினம் விடுமுறை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடித்தால், மடூல்சீமையிலிருந்து வந்தவரும் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் வீடு போய்ச் சேரலாம். மறுநாள் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண், இரவு அடுப்பு மூட்டவும் நேரமிருக்கும். தோட்டத்து நேரத்துக்கு ஏற்ப நடக்காத அரங்கம் தோட்டத்து அரங்கமாகாது.

என்னைக் கேட்டால் முதல் அரையாண்டுக்கான தாளை இப்படி எழுதுவேன். தையில், பாடசாலைப் பிள்ளைகளின் நாடகம் ஒன்றும், நாற்பது நிமிடங்களுக்கு மேற்போகாத "சோங் ஒஃப் சிலோன்" படமும். படம் முடிந்ததும் பாட்டிமார் இருவர், அக்காலத்துக் கொழுந்து மலையைப் பற்றித் தாம் கேட்டறிந்ததைச் சொல்லட்டும். மாசியில் மண்டபம் மூடியிருக்கும். எந்தத் தோட்டத்தில் எந்த இரவில் காமன் என்று பலகையில் எழுதியிருக்கும், விரும்பியோர் அங்கே போகட்டும். பங்குனியில், பிரதி கிடைக்குமாயின், "புதிய காற்று". சித்திரையில் சரத்சந்திர 1956இல் மேடையேற்றிய "மனமே" போன்ற ஒரு சிங்கள நாடகம். அந்நாடகம் கையாண்ட நாடகம மரபு தமிழ்க் கூத்தின் வழி வந்தது என்பதை, நம் அயற்கிராமத்துச் சிங்கள நண்பர்களோடு அமர்ந்து பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம். வைகாசியில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கதை கூறும் பாலாவின் "பரதேசி"யும், லெனின் பாரதியின் "மேற்குத் தொடர்ச்சி மலை"யும். ஆனியில் "பேரடைஸ்", அதன்பின் உரையாடல். ஆறு மாதங்களுக்கு ஒரு தாள் போதும்.

மாசியில் மண்டபத்தை மூடிவைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காமன் கூத்தை அரைமணி நேரமாக வெட்டி, விழா மேடையில் அமைச்சருக்கு முன் ஆடவைக்கும் வழக்கம் பெருகிவருகிறது. ரதியின் புலம்பல் தொடங்குமுன் அறிவிப்பாளர் நன்றியுரைக்கு வந்துவிடுகிறார். விரதமும் காமன் பொட்டலும் இரவும் இல்லாத காமன், வேறொரு நிகழ்ச்சி. அதைப் பார்த்துவிட்டுக் காமனைப் பார்த்ததாக நம் பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது.

அதேவேளை, மரபு என்பதற்காக அதன் குறைகளையும் போற்ற வேண்டியதில்லை. ரதியாக ஆடுவது ஆண்தான். கணவனை இழந்தவளின் துயரை இரவிரவாக ஆண்குரல் பாட, மலையில் பாதிக்கு மேலான உழைப்பைத் தரும் பெண்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள். தப்படிப்பவர் யார், வேடம் கட்டுபவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்த இடங்களும் உண்டு. பொட்டலில் இவற்றை மாற்றச் சொன்னால் சாமி குற்றம் என்பார்கள். மண்டபத்தில் அந்தத் தடை இல்லை. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி மேடையேறி, தன் குரலில், தன் தாயின் கதையைச் சொல்லலாம். எவர் மகனும் தப்பைக் கையில் எடுக்கலாம். சமுதாய அரங்கம் மரபுக்குப் போட்டியல்ல, மரபு இடம் கொடுக்காதவர்களுக்கான இடம் அது.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலியவற்றை மேடையேற்றிக் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அதனால் மட்டக்களப்புக் கூத்து பல்கலைக்கழகத்தில் மரியாதை பெற்றது. மலையகத்தின் வாசலிலேயே நடந்த அந்த மறுமலர்ச்சியின் மையத்தில் மலையகக் கூத்து இருக்கவில்லை. இன்று பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் விரிவுரை மண்டபங்களிலிருந்து பார்த்தால் தேயிலை மலைகள் தெரியும். அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறைக் காலத்தில் நான்கு கூத்து வாத்தியார்களின் பாட்டுக்களைப் பதிவு செய்தால், எந்த ஆய்வு நிதியும் இல்லாமலே ஒரு தலைமுறையின் நினைவைக் காப்பாற்றலாம். அந்த வாத்தியார்கள் எல்லோரும் வயதானவர்கள். இதற்குக் காலம் தாழ்த்த இயலாது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது உலகெங்குமிருந்து தமிழர் உணர்ச்சிபூர்வமாக எழுதினார்கள். உணர்ச்சி அந்த ஆண்டோடு வடிந்தது. பதுளையைப் பூர்விகமாகக் கொண்டோர் இன்று நீலகிரியிலும் வன்னியிலும் ஐரோப்பிய நகரங்களிலும் இருக்கிறார்கள். கோயில் கோபுரத்துக்குக் கொடுக்கும் கையால் ஒரு படம் காட்டும் கருவிக்கும் ஒரு வெள்ளைத் திரைக்கும் கொடுங்கள். பணத்தைவிட முக்கியமானது வேறொன்று: உங்கள் பெட்டிகளில் பழைய நாடக நோட்டீசுகள், கூத்துப் படங்கள், பாட்டெழுதிய கொப்பிகள் இருக்குமானால் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். பிரதியெடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.

ஊரில் இருப்போருக்கு: இதற்குப் பிரதேச சபையின் தீர்மானமோ மாகாண அமைச்சின் ஒதுக்கீடோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பாடசாலை அதிபர், ஒரு தோட்டத் தலைவர், இரண்டு இளைஞர்கள், கட்டாயம் இரண்டு பெண்கள் ஆகிய ஆறு பேர் அமர்ந்து அடுத்த ஆறு போயா தினங்களுக்கு என்னென்ன என்று எழுதுங்கள். முதல் காட்சிக்கு முப்பது பேர் வந்தாலும் நடத்துங்கள், இரண்டாவதை எக்காரணம் கொண்டும் ஒத்திவைக்காதீர்கள். அறிவித்த நாளில் அறிவித்த நிகழ்ச்சி நடக்கும் என்ற நம்பிக்கை வந்தால் மூன்றாவதற்குச் சனம் தானாக வரும். அத்தாளின் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். அரசியல்வாதிகளின் அறிக்கைகளுக்கு இடம் தரும் பக்கத்தில் அதற்கு நான்கு அங்குலம் வாங்கித் தருவது என் பொறுப்பு.